கூர்க்கால் ஸ்டாண்டு

டார்லா போன் செய்தபோது ரெய்னோ கங்காஸ் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காப்பியை ஆறவிட்டுக்கொண்டிருந்தான். ஏழு மாதமாக டார்லா வீட்டிலிருந்து போன் வந்தால் அவன் மனைவி லோயிஸ்தான் எடுப்பாள். அன்றைக்குப் பார்த்து லோயிஸ் கீழ்த்தளத்தில் துணி துவைக்கப் போட்டுக்கொண்டிருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் எடுத்தான்.

"ரெய்னோவா? நல்லதாப் போச்சு, உங்ககிட்டதான் பேசணும். வண்டியில பிரேக்க மிதிச்சா கால் தரை வரைக்கும் போகுது."

"எந்த வண்டி?" என்று கேட்டுவிட்டு ரெய்னோ நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்த வீட்டில் இருப்பது ஒரே வண்டி.

"அதேதான்" என்றாள் டார்லா.

ஏப்ரலில் அவள் புருஷன் ராட்னி ஸ்கூபிக்கை நசுக்கிக் கொன்ற எஸ்யூவி அது. ரெய்னோவும் ராட்னியும் ஐவர்சன் இரும்புச் சுரங்கத்தின் பழுதுபார்க்கும் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவர்கள். ஒருத்தன் மான் அடித்தால் இன்னொருத்தன் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் பாதி இறைச்சி உறைந்து கிடக்கும். ராட்னி போனபிறகு ரெய்னோ அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தபால் நிலையத்துக்குப் போவதென்றால்கூட பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவான்.

"வண்டிப் பட்டறைக்காரன் என்ன ஆனான்?"

"மான் வேட்டை சீசன் தொறந்தாச்சே, அவன் எங்க இருப்பான்? கதவுல சீட்டு ஒட்டிட்டுக் காட்டுக்குள்ள போயிட்டான். பத்து நாளாகும். எனக்கு வேலைக்கு இருபத்தாறு மைல் போகணும். முதியோர் இல்லத்துல துணி மலை மாதிரி கெடக்குது, நான் போகலைன்னா கெழடுங்க போர்வை இல்லாமத்தான் படுக்கணும்."

"குழாய் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருக்கும். பனி உருக ரோட்டுல போடற உப்பு இருக்கே..."

"ராட்னி இருந்தா அவரும் இதத்தான் சொல்லியிருப்பாரு. ரெய்னோ, ஒண்ணு மட்டும். அந்தப் பழைய ஸ்டாண்டு மேல அந்த வண்டி இன்னொரு தடவ ஏறக் கூடாது. புதுசா ஜாக்கியும் ஸ்டாண்டும் வாங்கணும். எது வாங்கறதுன்னு நீங்க வந்து பாத்துச் சொல்லணும்."

துணிக்கூடையோடு மேலே வந்த லோயிஸ் அவன் கையிலிருந்து போனை வாங்கி, விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "நாளைக்குக் காலையில வந்துருவாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"என்னைக் கேக்காம..."

"கேட்டா என்ன சொல்லுவீங்கன்னு தெரியும். சிநேகிதன் போன துக்கம் எல்லாருக்கும் இருக்குங்க. அதுக்காக அவன் பொண்டாட்டி பிரேக் இல்லாத வண்டியில போயி மரத்துல மோதணுமா?"

துக்கம் என்றுதான் லோயிஸ் நினைத்துக்கொண்டிருந்தாள். ஊரும் அப்படித்தான் நினைத்தது. துக்கம் மட்டுமாக இருந்திருந்தால் ரெய்னோ எப்படியாவது சுமந்திருப்பான்.

ராட்னியின் வண்டியை ஜாக்கியால் தூக்கியபின் அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்திய ஸ்டாண்டுகள் ரெய்னோ செய்தவை. சுரங்கப் பட்டறையில் இடைவேளையில் அவரவர் சொந்த வேலை செய்துகொள்வது அந்த ஊரில் வழக்கம். ஒருத்தன் இறைச்சி சுடும் அடுப்பு செய்வான், ஒருத்தன் படகுக்கு நங்கூரம் செய்வான். மேஸ்திரி பார்த்தும் பார்க்காத மாதிரி போவார், அவர் வீட்டிலும் ஒரு அடுப்பு இருக்கும். ரெய்னோ ஸ்டாண்டு செய்தான். கடையில் விற்கிற ஸ்டாண்டு பனிக்கட்டியின் மேல் வழுக்கும் என்பது அந்த ஊரில் வண்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். அதனால் ரெய்னோ ஒவ்வொரு காலையும் தட்டையாக விடாமல் நுனியைக் கூராகச் சீவினான். பனிக்கட்டியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் பூனை நகம் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். பதினோரு ஜோடி செய்தான். கல்யாணத்துக்கு ஒரு ஜோடி, ஓய்வு பெறுகிறவனுக்கு ஒரு ஜோடி என்று கொடுத்தான். கூர்க்கால் ஸ்டாண்டு என்றால் ஐவர்சனில் அவன் பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெருமை அவனுக்கு நிறையவே இருந்தது.

அந்த ஏப்ரல் நாளில் காலை பத்து மணிக்கு ரெய்னோ அங்கேதான் இருந்தான். ராட்னியின் ஷெட்டில் படகு நிற்பதால் வண்டியை முற்றத்து மண்ணில் தூக்கினார்கள். புகைக்குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் பலகை போடலாமா என்று ராட்னி கேட்டான். ரெய்னோ பூட்ஸ் குதிகாலால் தரையை ஒரு உதை உதைத்துவிட்டு, "காங்கிரீட்டு மாதிரி இருக்கு, பலகை எதுக்குடா?" என்றான். இரவுக் குளிரில் உறைந்து அப்போது காங்கிரீட்டு மாதிரித்தான் இருந்தது. பிறகு ராட்னியை வேலை செய்ய விட்டுவிட்டு ரெய்னோ தன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தான். பதினோரு மணிக்கு மேல் வெயில் வந்தது. தெற்குப் பார்த்த பக்கத்தில் மேல் மண் நாலு விரல்கடை இளகிச் சேறானது. கீழே இன்னும் பனிக்கட்டி. தட்டையான காலாக இருந்தால் கொஞ்சம் அமுங்கி நின்றிருக்கும். கூரான கால் ஒன்று சேற்றுக்குள் இறங்கிற்று, ஸ்டாண்டு சாய்ந்தது. ரெய்னோ ஓடிப் போய்ப் பார்த்தபோது ஒரு காலில் நாலு விரல்கடை உயரத்துக்குச் சேறு அப்பியிருந்தது. அவன் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

போலீஸ்காரர் டார்லாவிடம் ராட்னி குடித்திருந்தாரா என்று கேட்டார். இரண்டு பீர் என்று அவள் உள்ளதைச் சொன்னாள். அது ஊருக்குப் போதுமாக இருந்தது. ரெண்டு நாலாகி, நாலு ஆறாகி, ராட்னி குடித்துவிட்டு வண்டிக்கு அடியில் போய்ச் செத்தவன் ஆகிவிட்டான். ரெய்னோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் அவனை அரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ரெய்னோவின் பழைய பிக்கப்பில் இருவரும் கடைக்குப் போனார்கள். ஆலங்கட்டியும் மழையுமாகக் கலந்து கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. டார்லா மடியில் ஒரு பொட்டலம் வைத்திருந்தாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட பாஸ்டி.

"சாப்பிடுறீங்களா? சூடா இருக்கு."

"இப்பத்தான் சாப்பிட்டேன்."

"எளச்சுப் போயிட்டீங்க. லோயிஸ் சமைக்கிறாளா இல்லையா?"

"சமைக்கிறா. எனக்குத்தான் இறங்க மாட்டேங்குது."

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு அவள் பொட்டலத்தை மறுபடி மூடினாள்.

உழவுச் சாமான், குதிரைத் தீனி, கம்பளிச் சட்டை எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்கிற கடை அது. கடைசி வரிசையில் ஜாக்கிகள். டார்லா முதலில் கண்ணில் பட்ட சிவப்பு ஜாக்கியைக் காட்டினாள்.

"இது நல்லா இருக்கே. மூணு டன்னு போட்டிருக்கு. நம்ம வண்டி ரெண்டரை டன்தானே?"

"எடை தாங்கும். உயரம் பத்தாது. இது காருக்குச் செஞ்சது. நம்ம வண்டிய தூக்கினா ஸ்பிரிங் தொங்கிக்கிட்டே கூட வரும், சக்கரம் தரைய விடாது. வண்டி ஒரு முழம் ஏறினாத்தான் சக்கரம் ஒரு விரல்கடை ஏறும்."

"அப்ப மேல ஒரு மரக்கட்டைய வெச்சுத் தூக்கலாமே. ராட்னி வெப்பாரு."

"எல்லாரும் வெப்பாங்க. கட்டை வழுக்குச்சுன்னா கதை முடிஞ்சுது. இதப் பாரு, இதுவும் மூணு டன்தான், ஆனா கழுத்து நீளம். அரையாள் உயரம் தூக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா நம்ம வண்டிக்குப் போதும். கனமாத்தான் இருக்கும்."

"கனமா இருந்தா பரவாயில்ல. ஈரப் போர்வை தூக்கித் தூக்கி எனக்கு முதுகு எருமை முதுகாயிருச்சு."

ரெய்னோவுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை மாதம் கழித்துச் சிரிக்கிறோம் என்று நினைத்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஸ்டாண்டுகளை அவன் ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைத்தான். குனிந்து, நடுத்தண்டில் வெட்டியிருந்த பல்லைத் தடவி, பூட்டை ஏற்றி இறக்கிப் பார்த்தான். டார்லா பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"ஜாக்கி தூக்கறதுக்கு மட்டும்தான். தூக்கி நிறுத்தறது ஸ்டாண்டோட வேலை. ஜாக்கிய நம்பி யாரும் அடியில கைகூட நீட்டக் கூடாது."

"ஆறு டன்னு போட்டதை எடுக்கறீங்க. எதுக்கு அவ்வளவு?"

"எடைக்காக இல்ல. உசரத்துக்காக. அப்புறம் அடி அகலத்துக்காக. இதுல பல்லு பூட்டும், அதுக்கு மேல குறுக்க ஒரு ஆணியும் சொருகலாம். ஒண்ணு கைவிட்டா இன்னொண்ணு பிடிக்கும். அடியப் பாரு, சுத்தி வளைச்சுத் தட்டையா..."

பேச்சு பாதியில் நின்றது. டார்லா ஸ்டாண்டின் அடி விளிம்பில் விரலை ஓட்டினாள்.

"தட்டையா இருந்தா?"

"மண்ணுல இறங்காது."

"இல்லைன்னா இறங்குமா?"

"சிலது இறங்கும்" என்றான் ரெய்னோ.

டார்லா எழுந்து அடுத்த வரிசைக்குப் போனாள், சக்கரத்துக்கு அணை கொடுக்கும் கட்டை பார்க்க. அந்த நேரம் பார்த்துக் கடைக்காரன் டுவேன் வந்து சேர்ந்தான். வேட்டைக்குப் போட்ட ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றாமல் கடைக்கு வந்திருந்தான்.

"யாரு, ரெய்னோ அண்ணனா? ஸ்டாண்டு செய்யற மனுசன் ஸ்டாண்டு வாங்க வந்தா நாங்க எங்க அண்ணே போறது? நீங்க எனக்குக் குடுத்த ஜோடி பதினெட்டுக் குளிர்காலமா கல்லு மாதிரி நிக்குது. இந்தத் தகரத்த எல்லாம் எதுக்குப் பாக்குறீங்க?"

"ஒருத்தருக்கு வேணும்."

"ராட்னி விசயத்த மனசுல வெச்சுக்கிட்டு உங்க ஸ்டாண்டுமேலயே சந்தேகம் வந்துருச்சா? விடுங்கண்ணே. ஸ்டாண்டு மேல என்ன தப்பு? ஆறு பீர உள்ள தள்ளிட்டு வண்டிக்கு அடியில போனா சாமியே வந்து முட்டுக் குடுத்தாலும் நிக்காது."

"ரெண்டு" என்றது ஒரு குரல்.

டார்லா இரண்டு அணைக்கட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசை முனையில் நின்றாள்.

"ரெண்டு பீர், டுவேன். மதியம் வெயில் ஏறிருச்சேன்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன். ஒண்ணு முழுசா குடிச்சாரு. ரெண்டாவது பாதி டப்பாவுல இருந்தது."

டுவேன் முகம் சட்டை நிறத்துக்கு மாறிற்று. "டார்லா அக்கா, நான் தப்பா ஒண்ணும்... ஊர்ல சொல்றதுதான்..." என்று இழுத்தான். அவள் திரும்பி ரெய்னோவைப் பார்த்தாள். ரெய்னோ அட்டைப்பெட்டியைத் திருப்பி, அதன் முதுகில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததைப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு எழுத்தும் கண்ணில் ஏறவில்லை.

திரும்பும் வழி முழுக்க ஜாக்கி பின்னால் உருண்டு உருண்டு இடித்தது.

டார்லா வீட்டு முற்றத்துக்கு வந்தபோது மழை நின்றிருந்தது. மேல் மண் இறுகத் தொடங்கியிருந்தாலும் பூட்ஸ் வைத்த இடம் பொருக்கு உடைந்து உள்ளே போயிற்று. ரெய்னோ ஷெட்டிலிருந்து தடித்த பலகை இரண்டை இழுத்து வந்து போட்டான். முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தான். ஜாக்கியைப் பலகைமேல் உருட்டிப் பின் அச்சுக்கு அடியில் கொடுத்துக் கைப்பிடியை அடித்தான். வண்டி முனகிக்கொண்டே எழுந்தது. அடிச் சட்டத்தில் துருவைச் சுத்தியலால் தட்டிக் கெட்டியான இடம் பார்த்து, இரண்டு பக்கமும் பலகைமேல் ஸ்டாண்டை நிறுத்தினான். ஆணி சொருகினான். ஜாக்கியை மெல்ல இறக்கினான், எடை ஸ்டாண்டுக்கு மாறிற்று. இடுப்பால் வண்டியை மூன்று முறை இடித்துப் பார்த்தான். அசையவில்லை. அது போதாதென்று, ஸ்டாண்டு சரிந்தாலும் தாங்கட்டும் என்று உதிரிச் சக்கரத்தை உருட்டி வந்து வண்டிக்கு அடியில் படுக்கப்போட்டான். எல்லாம் ஆயிற்று. இனி மல்லாக்கப் படுத்து உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி. அவன் மறுபடி இரண்டு ஆணியையும் தொட்டுப் பார்த்தான்.

டார்லா காப்பிக் குவளையோடு படியில் நின்றாள்.

"நான் போகட்டுமா?" என்றாள். "எந்தக் குழாய்னு சொன்னா நானே மாத்திடுவேன்."

"வேணாம், வேணாம்."

"அவரு படுத்திருந்த எடம்தான். எனக்கும் தெரியும் ரெய்னோ. நான்தான மொதல்ல பாத்தேன்."

ரெய்னோ படுத்தான். குளிர் முதுகில் ஏறிற்று. உள்ளே நகர்ந்தான். தலைக்கு மேல் துருவும் சேறும் எண்ணெயும். பிரேக் குழாய் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் அரித்துப்போய், திரவம் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்பானரைப் போட்டான். திருகவில்லை. வெளியே டார்லாவின் ரப்பர் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"டார்லா."

"என்ன, வெளக்கு வேணுமா?"

"வேணாம். நீ அங்கயே நில்லு." மூச்சு வாங்கினான். "ராட்னி குடிச்சதால சாகல."

பூட்ஸ் அசையவில்லை.

"என் ஸ்டாண்டுதான். கால் கூரா இருக்கே, அது பனிக்கட்டிக்குச் செஞ்சது. வெயில் அடிச்சு மண்ணு இளகிட்டா ஆணி எறங்கற மாதிரி எறங்கிரும். நான் யோசிக்கவே இல்ல. இருபது வருசமா செஞ்சு குடுத்திருக்கேன், ஒரு தடவகூட யோசிக்கல. அன்னிக்கு அவன் பலகை போடலாமான்னு கேட்டான். நான்தான் தரைய ஒதச்சுப் பாத்துட்டு எதுக்குடான்னு சொன்னேன். அவன் என் பேச்சக் கேட்டுத்தான் படுத்தான்."

திரவம் பலகைமேல் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் உள்ளே போய்விட்டால் நல்லது என்று ரெய்னோ நினைத்தான். காப்பியை முகத்தில் ஊற்றினாலும் நல்லதுதான்.

"வெளிய வா" என்றாள் டார்லா.

வந்தான். எழுந்து நின்றான்.

"இப்பச் சொல்லு. உன் பூட்ஸப் பாத்துக்கிட்டு என்னால இதக் கேக்க முடியாது. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

இன்னொரு முறை முழுவதும் சொன்னான். பாதியில் அழுகை வந்தது. அவள் அதைத் துடைக்கவும் சொல்லவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை.

"ஏழு மாசம்" என்றாள். "கண்ண மூடினா அந்த ரெண்டு டப்பாதான் வந்து நிக்குது. குடுக்காம இருந்திருந்தா? ஒண்ணோட நிறுத்தியிருந்தா? காப்பி போட்டுக் குடுத்திருந்தா? தினம் இதே கணக்கு. வேலை செய்யற எடத்துல கெழவிங்க என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'குடிகாரப் புருசன் போனா நல்லதுதாண்டி'ங்கறாளுக. நான் போர்வைய மடிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருக்கேன். உனக்குத் தெரிஞ்சிருந்தது."

"தெரிஞ்சிருந்தது."

"இன்னிக்குக் கடையில டுவேன் அப்படிச் சொல்றான், நீ பெட்டிக்குப் பின்னால என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு நிக்கற."

"மன்னிச்சிரு டார்லா."

"அது கெடக்கட்டும். மொதல்ல பிரேக்க முடி. நாளைக்கு எனக்கு வேலைக்குப் போகணும்."

அவன் மறுபடி படுத்து உள்ளே போனான். வாங்கி வந்திருந்த புதுக் குழாயை மாட்டினான். இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற டார்லா வண்டிக்குள் உட்கார்ந்து மிதிக்க வேண்டியிருந்தது. "மிதி" என்பான், மிதிப்பாள். "விடு" என்பான், விடுவாள். எல்லாம் முடிந்து வண்டியை இறக்கியபிறகு, அவள் கதவருகே நின்று சொன்னாள்:

"வெள்ளிக்கிழமை சங்கக் கட்டடத்துல மீன் பொரிச்சு விருந்து போடறாங்க. ஊரே வரும். நீ வந்து எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு இதையே சொல்லணும். ஒரு வார்த்தை குறையக் கூடாது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுரங்கத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் உட்கார இடமில்லை. பொரித்த மீன், கோஸ் துருவல், கருத்த ரொட்டி. கண்ணாடி ஜன்னலெல்லாம் எண்ணெய்ப் புகையும் ஆட்களின் மூச்சும் படிந்து வெளியே தெரியவில்லை. மானைத் தவறவிட்டவனும் அடித்தவனும் ஒரே சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். டார்லா கதவோரம் ஒரு மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ரெய்னோ தட்டைத் தொடவில்லை. லோயிஸ் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றான். பிறகு எழுந்து, கரண்டியால் கண்ணாடி டம்ளரைத் தட்டினான்.

சொன்னான். கூர்க்கால், வெயில், சேறு, பலகை, தான் தரையை உதைத்தது, இரண்டு பீர், அதில் ஒன்று பாதி. கடைசியில், "என் ஸ்டாண்டு யார்கிட்ட இருந்தாலும் திருப்பிக் குடுத்திருங்க. ஏப்ரலுக்கு முன்னாடி குடுத்திருங்க. அடியில தகடு வெச்சுத் தர்றேன், இல்லன்னா வெட்டிப் போட்டுடறேன்" என்று முடித்தான்.

பிறகு, எண்பது வயது எட்வின், அந்தக் காலத்தில் பட்டறை மேஸ்திரியாக இருந்தவர், தொண்டையைச் செருமினார்.

"உக்காருப்பா ரெய்னோ. கூடவே இருந்தவன் போயிட்டான். மனசு ஒரு காரணத்தத் தேடத்தான் செய்யும்."

"காரணம் தேடல மேஸ்திரி. கண்ணால பாத்தேன். கால்ல சேறு இருந்தது."

"விழுந்த ஸ்டாண்டுல சேறு இல்லாம சந்தனமா இருக்கும்?" என்றான் ஒருத்தன். நாலைந்து பேர் சிரித்தார்கள். உடனே நிறுத்தினார்கள்.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு நீ குடுத்தது" என்றான் இன்னொருத்தன். "ரிப்பன் கட்டிக் குடுத்த. அதத் திருப்பி வாங்கறேங்கற? மருமகன் சண்டைக்கு வருவான்யா."

"பனிமேல இது மாதிரிப் பிடிக்கற ஸ்டாண்டு எங்க கெடைக்குது?"

டுவேன் எழுந்து வந்து ரெய்னோவின் தோளில் கை போட்டான். குரலைத் தாழ்த்தினாலும் எல்லாருக்கும் கேட்டது. "அண்ணே, ராட்னி எப்படிப்பட்ட ஆளுன்னு எல்லாருக்கும் தெரியும். போனவனுக்காக இருக்கற பேரக் கெடுத்துக்காதீங்க. உங்க ஸ்டாண்டு தங்கம்."

எல்லாரும் அவனிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். ஒருத்தி ஆப்பிள் பணியாரம் ஒரு துண்டு கொண்டுவந்து வைத்தாள். ஒருத்தர் முதுகைத் தட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இந்த அன்பு அவன் சொன்னதையெல்லாம் அழகாகத் துடைத்துப் போட்டுவிட்டது. கதவு திறந்து குளிர்காற்று வந்தது. டார்லா கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள். அவள் தட்டில் மீன் அப்படியே இருந்தது.

வண்டியில் வீட்டுக்குப் போகும்போது லோயிஸ் ஓட்டினாள். பாதி வழியில், "எனக்குக்கூடச் சொல்லல" என்றாள்.

சனிக்கிழமை ரெய்னோ தானே நாலு வீட்டுக்குப் போய்க் கேட்டான். காப்பி கொடுத்தார்கள், மான்கொம்பு காட்டினார்கள், ஸ்டாண்டு கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டார்லாவின் எஸ்யூவி ரெய்னோ வீட்டு முன்னால் வந்து நின்றது. அவள் இறங்கிப் பின்கதவைத் தூக்கினாள். உள்ளே ஸ்டாண்டுகள். ஒன்றின்மேல் ஒன்றாக, கூர்க்கால்கள் எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. சிலதில் கல்யாணத் தேதி வெல்டிங்கில் எழுதியிருந்தது. எல்லாம் அவன் கையெழுத்துதான்.

"ஏழு ஜோடி" என்றாள். "மூணு வீட்ல கதவத் தொறக்கல. உள்ள டிவி ஓடற சத்தம் கேட்டுச்சு. அது போக என் வீட்ல இருந்தது ஒண்ணு, அதையும் போட்டிருக்கேன்."

ரெய்னோவுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது. "என்கிட்ட ஒருத்தனும் குடுக்கலையே. உன்கிட்ட எப்படிக் குடுத்தாங்க? நம்பிட்டாங்களா?"

"நம்பறதா?" டார்லா ஒரு ஸ்டாண்டைத் தூக்கித் தரையில் போட்டாள். "புருசன் போன துக்கத்துல இவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு நெனச்சுக் குடுத்தாங்க. டுவேன் ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்து வண்டியில வெச்சான். 'வேற எதாச்சும் வேணுமா அக்கா'ன்னு கொழந்தகிட்டப் பேசற மாதிரிப் பேசறான். அவன் பொண்டாட்டி ஒரு தட்டு கேக்கு குடுத்தா. ஒரு வீட்ல, 'உனக்கு நிம்மதின்னா எடுத்துக்கோம்மா, குடிகாரனக் கட்டிக்கிட்டு நீ பட்டது போதும்'னு சொன்னாங்க. நான் வாய மூடிக்கிட்டு வாங்கிக்கிட்டேன். ஏப்ரல்ல இன்னொரு வீட்ல போலீஸ்காரன் வந்து நிக்கக் கூடாதுன்னு வாங்கிக்கிட்டேன்."

லோயிஸ் வெளியே வந்து, ஒன்றும் கேட்காமல், ஸ்டாண்டுகளை இறக்கத் தொடங்கினாள். மூவரும் சேர்ந்து ஷெட்டுக்குள் அடுக்கினார்கள். இரும்பு கையில் ஒட்டுகிற குளிர்.

கடைசி ஸ்டாண்டை வைத்துவிட்டு டார்லா கையுறையைத் தட்டினாள். "இரும்பு வந்துருச்சு, ரெய்னோ. அவரு பேரு வரல."

"நான் சொன்னேனே டார்லா. ஒண்ணு விடாமச் சொன்னேன். நீயும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த."

"கேட்டேன். ஒரு தடவ சொன்ன. அவங்க ஏழு மாசமா சொல்லிக்கிட்டிருக்காங்க."

"இன்னும் என்ன செய்யணும்?"

"வர்ற வெள்ளிக்கிழமையும் மீன் பொரிக்கிறாங்க."

"சிரிப்பாங்க டார்லா."

"சிரிக்கட்டும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறமும் வெள்ளிக்கிழமை வரும்" என்றாள் டார்லா. வண்டியில் ஏறி, பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பனி கொட்டியது. கூட்டம் கொஞ்சம் குறைவுதான். ரெய்னோ எழுந்ததைப் பார்த்ததும் எட்வின் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். டுவேன், "ஐயோ, மறுபடியுமா அண்ணே?" என்றான். சமையல்காரர்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். போன வாரம் பணியாரம் வைத்தவள் இந்த வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. லோயிஸ் தன் நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கதவோரத்து மேசையில் டார்லா மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ராட்னி ஸ்கூபிக் குடிச்சதால சாகல" என்று ரெய்னோ ஆரம்பித்தான்.